கும்புக்கன் ஆற்றுக்கு ஒரு வடிகட்டி

போன வருடம் அக்கா கதிர்காமத்துக்கு நடந்து போய்ச் சேரவில்லை. உகந்தையில் காட்டு வாசல் திறந்ததும் மற்ற யாத்திரிகர்களோடு உள்ளே போனவள், கும்புக்கன் ஆற்றைக் கடந்து கொஞ்ச தூரத்திலேயே வயிற்றோட்டத்தில் விழுந்தாள். ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்திருந்தாள். எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள். ஒரு டிரக்டரில் படுக்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது சிறுநீர் நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினாள். ஆனால் சிறுநீரகங்கள் முழுதாகத் திரும்பவில்லை.

இந்த வருடம் அவள் எதுவும் அறிவிக்கவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் மீன் சமைப்பது நின்றது. அத்தான் மூன்றாவது தரமும் பருப்பும் கீரையும் சாப்பிட்ட பிறகுதான் கேட்டார். ஓம், நடக்கப் போகிறேன் என்றாள்.

அத்தான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கத்துகிற ஆள் இல்லை. வெள்ளவத்தையில் இருந்த எனக்கு அழைப்பு எடுத்து, வந்து உம்முடைய அக்காவோடு கதைத்துப் பாரும் என்றார். நான் போனேன். மூவருமாக டாக்டரிடமும் போனோம். டாக்டர் முதலில் வேண்டாம் என்றார். அக்கா எழும்பவில்லை. பிறகு அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார்: குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், அது போதுமான அளவும் இருக்க வேண்டும். பயத்தில் குறைத்துக் குடித்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள், இன்னொரு தரம் அப்படி நடந்தால் பிறகு இரத்தம் கழுவுகிற மெஷின்தான் என்றார்.

வெளியே வந்ததும் அத்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணிக்கு நீர் ஒரு வழி சொல்லும். சொல்லாட்டி இவ உகந்தைக்கு பஸ் ஏற மாட்டா."

பத்திரிகையின் செய்தி மேசையில் வேலை செய்த காலத்தில் விளம்பரம் போல் வருகிற செய்திகளை வெட்டுவது என் வேலையாக இருந்தது. அந்தக் கண்ணோடுதான் வடிகட்டிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் குழல். நுகேகொடையில் முகாமிடும் சாமான்கள் விற்கிற கடையில் இருந்தது. கடைக்காரர் சிங்களத்தில் விளக்கினார்: ஒரு முனையை ஆற்றில் வைத்து, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும், பாரமே இல்லை, மிஸ். உள்ளே நுண்ணிய இழைகள், அவை கிருமியைத் தடுக்கும். அவர் சொன்னது சரிதான். ஒன்றை வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வழியில ஒரு சாமி தண்ணி கேட்டா, என்ட வாயில இருந்து எடுத்துக் குடுக்கிறதோ?"

அந்தப் பாதையில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட சாமிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. எச்சில் பட்டதைக் கொடுக்கவும் முடியாது. வீட்டிலேயே நாங்கள் சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள். குழல் திரும்பவும் நுகேகொடைக்குப் போனது.

ஒளிக்கற்றையால் கிருமியைக் கொல்கிற பேனா ஒன்று இருந்தது. அதற்குச் சார்ஜ் வேண்டும், தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். எருமை இறங்கிய ஆற்றில் அது பிரயோசனம் இல்லை. குளோரின் மாத்திரை மலிவு. ஆனால் சேற்றை அது ஒன்றும் செய்யாது, கலங்கல் தண்ணீரில் அதன் வேலையும் குறையும். பீங்கான் உருளை வைத்த கைப்பம்பு நல்லது. கல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரும் என்று அதனோடு வந்த தாளிலேயே எழுதியிருந்தது. பாரமும் அதிகம்.

மிஞ்சியது பை. ஆற்றுத் தண்ணீரைப் பையில் நிரப்பி மரத்தில் தொங்கவிட்டால், கீழே குழாயில் இருக்கிற வடிகட்டி வழியாகத் தானாக இறங்கும். யாரும் வாய் வைக்க வேண்டியதில்லை. எத்தனை சொம்பும் நிரப்பலாம். அடைத்தால் கழுவ ஒரு பெரிய ஊசிக் குழாயும் தருகிறார்கள். நல்ல தண்ணீரை வெளியே வருகிற பக்கத்தால் பின்னோக்கித் தள்ளினால் அழுக்கு கழன்று வெளியே வந்துவிடும். கொழும்பில் கிடைக்கவில்லை. லண்டனில் இருக்கிற மச்சாள் ஒருத்தி ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள்.

எதைத் தடுக்காது என்பதையும் தேடினேன். உப்பைத் தடுக்காது. வயல்களில் இருந்து வருகிற மருந்துகளைத் தடுக்காது. மிகச் சிறிய வைரஸ்களையும் விட்டுவிடும். வைரஸுக்காக, வடிந்த தண்ணீரில் மாத்திரை போடலாம் என்று முடிவு செய்தேன். வயல் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். சில நாள் நடைக்கு முதலில் கிருமியைப் பாருங்கள் என்றார்.

பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. தாடிக்காரன் ஒருவன் துவக்கோடு குந்தியிருக்கிறான், பக்கத்தில் செத்த மான், மரத்தில் அந்தப் பை. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல விரதம். வேட்டைக்காரன்ட சாமானோட முருகனிட்டப் போறீர்."

"முருகன்ட வள்ளி ஆரின்ட மகளாம்? வேடன்ட மகள்தானே?" என்றாள் அக்கா.

அத்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் சிரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அக்காவும் நானும் வத்தளைப் பக்கம் போய்க் களனி கங்கையில் ஒரு கலன் தண்ணீர் எடுத்து வந்தோம். மழைக்குப் பிந்திய தண்ணீர், பால் விட்ட தேநீரின் நிறம். யன்னல் கம்பியில் பையைத் தொங்கவிட்டோம். கீழே சொம்பில் விழுந்தது கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது. அத்தான் முகர்ந்து பார்த்தார். குடிக்கலாமா என்றார். கூடாது, ஆற்றோரம் ஃபாக்டரிகள் இருக்கின்றன, இரசாயனத்தை இது தடுக்காது என்றேன்.

"குடிக்க ஏலாத தண்ணிக்கோ வத்தளை வரைக்கும் போனனீங்கள்?"

சேற்றைப் பிரிக்கிறதா, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கத்தான் போனோம் என்று விளங்கப்படுத்தினேன். வேகம் போதும். பால் விடாத பிளேன்டீ ஒன்று ஊற்றி எடுக்கிற நேரத்துக்குள் சொம்பு நிரம்பியது. அத்தான் தலையாட்டினார். அது சம்மதம்.

புறப்படுவதற்கு முந்திய கிழமை அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. தண்ணீர் இறங்கவில்லை என்றாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். போய்ப் பார்த்தபோது குழாய் மஞ்சளாக இருந்தது.

அந்தப் பெட்டிப் படம் அவள் மனதில் கிடந்திருக்கிறது. விரதத்துக்குக் கொண்டுபோகிற சாமானில் மான் இரத்தத்தின் நினைப்பு இருக்கக் கூடாது என்று, பையை மஞ்சள் தண்ணீரால் கழுவியிருக்கிறாள். வெளியே மட்டும் கழுவினால் போதாது என்று தோன்றவே, ஒரு பானை மஞ்சள் தண்ணீரைப் பைக்குள்ளே ஊற்றி வடிய விட்டிருக்கிறாள். முதல் சொம்பு வெளிறிய தண்ணீராக வந்ததாம். அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. ஆற்றுச் சேற்றைவிட நைசாக அரைத்த மஞ்சள் தூள் அது.

"அப்ப சரி. முருகனே மறிச்சுப்போட்டார்," என்றார் அத்தான். குரலில் நிம்மதி இருந்தது.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஊசியை எடு."

சமையலறைத் தொட்டியில் வைத்துப் பின்னோக்கித் தள்ளினேன். மஞ்சள் வந்தது. கை வலிக்கும் வரை தள்ளினேன். பிறகு அக்கா தள்ளினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் திரும்பவும் தள்ளினோம். கொதிதண்ணீர் விடலாமா என்று அவள் கேட்டபோது மறித்தேன். சூட்டில் உள்ளே இருக்கிற இழை பழுதாகும். பின்னேரம் வரை மஞ்சள் நிற்கவில்லை. அதுவரை கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்த அத்தான் எழும்பி வந்து, உங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கத் தெரியாது என்று ஊசியை வாங்கினார். கடைசி மஞ்சள் அவர் கையால்தான் வந்தது.

பையைத் தொங்கவிட்டோம். தண்ணீர் இறங்கியது, ஆனால் பழைய வேகம் இல்லை. இப்போது பிளேன்டீயைக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்த பிறகுதான் சொம்பு நிரம்பியது. இன்னொன்று லண்டனில் இருந்து வர நேரமில்லை. டாக்டர் சொன்னதில் இரண்டாவதுதான் இப்போது சிக்கல்: போதுமான அளவு.

இந்த அளவு தண்ணீர் காணாது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். அடுத்த வருடம் என்ட கிட்னி எப்பிடி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்று அக்கா கேட்டாள். அவர் தொட்டியில் கிடந்த ஊசியை எடுத்துத் துடைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அப்ப நீரும் போம். ஊசி பிடிக்க ஆள் வேணும்."

நான் நேர்த்திக்கடன் வைத்தவள் அல்ல. அப்படித்தான் நானும் உகந்தையில் காட்டுக்குள் போனேன்.

கும்புக்கன் ஆற்றங்கரையில், மருதமரக் கிளை ஒன்றில் பையைத் தொங்கவிட்டோம். தண்ணீரைச் சட்டியில் தெளிய வைத்து, சேலைத் துணியால் வடித்து, பிறகுதான் பைக்குள் ஊற்றினோம். கீழே நூல் போல விழுந்தது. மட்டக்களப்புப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து நின்றார்.

"என்ன சாமி, மரத்துக்குச் சேலைன் போத்தல் ஏத்துறீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு அவர் ஒரு வாய் கேட்டார். காலையில் இருந்து அக்கா குடித்தது மிகக் குறைவு. எனக்குக் கணக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க முதலே முதல் சொம்பு அவர் கைக்குப் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு தாயும் பிள்ளையும் நின்றார்கள். அதற்குப் பின்னால் இன்னும் பேர்.

உனக்கு எப்போது என்று அவள் காதில் கேட்டேன். கேட்டவர்களை நிறுத்திவிட்டுக் குடிக்கிறதோ என்றாள். ஆனால் அவளும் யோசித்திருக்க வேண்டும். ஊசியைத் தூக்கிக் காட்டி, உரத்த குரலில் சொன்னாள்: "குடிச்ச சாமி ஒருக்கா நல்ல தண்ணியை இதால தள்ளி வடிகட்டியைக் கழுவித் தரோணும். துணியால வடிச்ச தண்ணியும் கொண்டு வரோணும்."

மட்டக்களப்பு ஆள் ஊசியை வாங்கினார். அவருக்குப் பிறகு அந்தத் தாய். ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு கழுவல் நடந்ததால் தண்ணீர் கொட்டாஞ்சேனைத் தொட்டியில் வந்ததைவிட வேகமாக வந்தது. வெயில் சாய முதல் அக்காவின் இரண்டு போத்தல்களும் நிரம்பின. மாத்திரை போட்டு, காத்திருந்து, என் கண் முன்னாலேயே ஒன்றைக் குடித்து முடிக்க வைத்தேன். அன்று அவள் புதருக்குப் பின்னால் போய்வந்து, தலையசைத்து எனக்குச் சேதி சொன்னாள். சிறுநீர் போகிறது.

ஒவ்வொரு தங்கலிலும் அப்படியே செய்தோம். காடு முடிகிற இடத்தில் தண்ணீர் பவுசர் லொறி ஒன்று நின்றது. எல்லோரும் ஓடினார்கள். அக்கா பையைத்தான் அவிழ்த்தாள். இது பைப் தண்ணி, அம்மா, பயமில்லை என்றார் பவுசர்காரர்.

"பைப்பை நீங்கள் கண்டனீங்களோ?"

அவர் யோசித்துவிட்டு, தான் ஓட்டி வந்தவன் மட்டும்தான் என்றார். அக்கா அந்தத் தண்ணீரையும் தொங்கவிட்டாள். பல சாமிமார் அவளைப் பகிடி பண்ணிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரைக் குடித்தார்கள். அவள் காத்திருந்தாள்.

அடுத்த நாள் கதிர்காமத்து மாணிக்க கங்கைக்கு வந்து சேர்ந்தோம். படி நிறைய ஆட்கள். தலை மூழ்கி எழும்புகிற ஒவ்வொருவரும் வாயில் தண்ணீர் வடிய அரோகரா என்று கத்தினார்கள். அக்கா உதடுகளை இறுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்கினாள். எழும்பியும் வாயைத் திறக்கவில்லை. கரைக்கு வந்து, என்னிடம் துவாயை வாங்கி, முகத்தையும் உதட்டையும் நன்றாகத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அரோகரா என்றாள்.