காலியில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

தென்னிலங்கையின் கடலோரத்தில் உள்ள காலிக் கோட்டையைப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. மலையகத்து வட்டகொடையில் முப்பது வருடம் டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்துச் சரித்திரம் படிப்பித்தும் அவர்கள் கட்டிய கோட்டையை நான் கண்டதில்லை. ஓய்வு பெற்ற பின், 2006 பெப்ரவரியில்தான் அது கைகூடியது. அதுவும் லெட்சுமி கேட்டதால்.

லெட்சுமி எங்கள் பாடசாலைக்குக் கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர். வயது அறுபதை நெருங்கும். தேயிலைக் கொழுந்து பறித்தே காலம் கழித்தவர். மகன் சிவா என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். பிறகு காலி கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனான். 2004 டிசெம்பரில் கடல் பொங்கிய நாளுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உடல் கிடைக்கவில்லை. அதனால் கருமாதி செய்ய லெட்சுமி ஒப்பவும் இல்லை.

வியாழக்கிழமை பகல் ரயிலில் வட்டகொடையில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு. கொழும்புக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலப்பக்க ஜன்னல், இடப்பக்க ஜன்னல் என்று அலையத் தேவையில்லை, இரண்டு பக்கமும் மலைதான். ஹட்டன் தாண்டியதும் லெட்சுமி வாய் திறந்தார்.

"டீச்சர், அந்தக் கடை மொதலாளிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லணும். பூண்டுலோயாவுல பொண்ணு பாத்து வச்சிட்டு, நான்தான் போன் போட்டு அவன வரச் சொன்னேன். அன்னைக்கு அவன் ஊருக்குப் பொறப்பட்டானா, இல்ல கடையில இருந்தானா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

கேள்வியின் பாரம் எனக்குப் புரிந்தது. காலி பஸ் நிலையம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புறப்பட்டிருந்தால் அங்கேதான் நின்றிருப்பான்.

கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கி, வெள்ளி காலை ரயிலில் காலிக்குப் போனோம். 116 கிலோமீற்றர், மூன்று மணி நேரம். கடல் தெரிய வேண்டுமானால் வலப்பக்கம் உட்காருங்கள். லெட்சுமி இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வீடுகள் இருந்தன.

காலி நிலையத்திலிருந்து கோட்டை வாசல் பத்து நிமிட நடை. உள்ளே ஒரு வீட்டில் அறை எடுத்தோம், காலைச் சாப்பாட்டுடன் 900 ரூபாய். மதில் எவ்வளவு தடிப்பு என்பதற்கு ஓர் உதாரணம்: அதன் மேல் எங்கள் ஐந்தாம் வகுப்பு முழுவதையும் வாங்கு மேசையோடு உட்கார வைக்கலாம். வெளியே ஊர் அழிந்த அன்று, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தது இந்த மதிலால்தான் என்று வீட்டுக்காரம்மா சொன்னார்.

பழைய ஒல்லாந்தர் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். லெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"பேரு வெட்டி படுக்க வச்சிருக்காங்க. குடுத்து வச்சவங்க" என்றார்.

அடுத்த தெருவில் மரக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னும் பெண்களைப் பார்க்கலாம். ஓவியக் கூடங்களும் அங்கேதான்; உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஒன்றில் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பெரிய படம் மாட்டியிருந்தது. லெட்சுமி அதன் முன் நின்று, அந்தப் பயணத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இவ யாரு டீச்சர், கூடைய முதுகுல போடாம இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிறா? கங்காணி பாத்தா அரைப்பேருதான் போடுவாரு."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

மறுநாள் சனி, காலை ஒன்பது மணிக்குக் கடைத்தெருவுக்குப் போனோம். கோட்டையிலிருந்து இருபது நிமிடம். கடையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். முதலாளி சிங்களவர், வயதானவர். யார் என்று சொன்னதும் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஒன்பது மணிக்கே பையோடு புறப்பட்டுவிட்டான். போயா நாள், பௌர்ணமி விடுமுறை, பஸ்ஸில் சனமாக இருக்கும், நாளைக்குப் போடா என்றேன். இல்லை முதலாளி, அம்மா பார்த்துக்கொண்டே இருப்பா என்றான்."

லெட்சுமி என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றாரு டீச்சர்?"

ஒரு கணம்தான். "அவன் அண்டைக்கு ஊருக்கு வெளிக்கிடேல்லையாம், லெட்சுமி. முதலாளி லீவு குடுக்கேல்லை. கடைக்குச் சாமான் வாங்கப் போனவனாம்."

முப்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய் அது. எதிரே நின்ற அந்த நல்ல மனிதரையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கினேன்.

லெட்சுமி தலையாட்டினார். எழுந்து, முதலாளியைக் கும்பிட்டு, "பொஹோம பின், மாத்தயா" என்று நன்றி சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. என் பிள்ளைக்கு நாலு வருடம் சோறு போட்டீர்கள், அன்றைக்கு அவனைத் தடுத்தும் பார்த்தீர்கள், உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை என்று, தடங்கல் இல்லாத சிங்களத்தில் சொன்னார். நான் புத்தகம் வைத்துப் படித்த சிங்களத்தை விட நல்ல சிங்களம் அது.

திரும்பி வந்து கோட்டை மதிலில் ஏறி உட்கார்ந்ததும் நான் கேட்டேன்.

"சிங்களம் தெரியுமெண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையே டீச்சர். கொத்மலைப் பக்கத்து கிராமத்து ஆளுககிட்டத்தான் நாப்பது வருசமா காய்கறி வாங்குறேன். ஊமை ஜாடையிலயா வாங்கியிருப்பேன்?"

"அப்ப என்னை ஏன் கேக்கச் சொன்னீங்கள்?"

"என் வாயால கேக்க தைரியம் வரல."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த மக்கள் நடுவே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு எனக்குள் அத்தனை காலமும் இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"பொறப்பட்டான்னு தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு மறைச்சீங்க. அது சரி. ஆனா 'அம்மா பாத்துக்கிட்டே இருப்பா'ன்னு சொன்னானே, அத ஏன் டீச்சர் சொல்லாம விட்டீங்க? அது எனக்கு வேணுமே."

லெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமே கருமாதி வைக்கப் போவதாகச் சொன்னார்.

காலிக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி, பெப்ரவரி நல்ல காலம். மதிலை முழுதும் சுற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். வெயில் ஏறுமுன் ஏழு மணிக்கே தொடங்குங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் கேட்டார்கள். யாருக்காவது மொழிபெயர்க்க நேர்ந்தால், கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். எதைத் தாங்க முடியும், எதை முடியாது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

கொழும்புக்குத் திரும்ப ரயில்தான் வசதி. நாங்கள் அதில் போகவில்லை. லெட்சுமி நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

"அவன் ஏற இருந்த பஸ்ஸுலயே போவோம் டீச்சர்."

கொழும்பு பஸ்ஸில் மூவர் இருக்கை ஒன்றைப் பிடித்தோம். லெட்சுமி ஜன்னலோரத்தை விட்டு நடுவில் உட்கார்ந்தார். மூன்றரை மணி நேரம், அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. நடத்துனர் கேட்டபோது மூன்று டிக்கெட் எடுத்தார். மறுநாள் காலை ரயிலிலும் அப்படியே.

வட்டகொடையில் வண்டி நின்றதும் லெட்சுமி முதலில் இறங்கினார். திரும்பி, ரயில் படியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பாத்து எறங்குப்பா. ஊரு வந்துருச்சு."