பாக்கி எழுதச் சொன்ன நாள்

அன்றைக்கு அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எட்டுப் பேர். ஊர் நாட்டாமை. அவருக்குப் பக்கத்தில், திருவிழா வரி நோட்டு எழுதுகிறவர். கோயில் பூசாரி. மாட்டு வண்டி வைத்திருந்த ஒருவர். மறியலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த சாதிச் சங்கத்துக்காரர். எங்கள் பக்கம் என் வீட்டுக்காரர், எங்களோடு இந்த ஊருக்கு வந்து குடியேறிய அடுத்த வீட்டு அக்கா, நான். அக்காவின் புருஷன் சேலத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். என் மாமனாரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் வீட்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல் நடந்த வாரம் அது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மாமனாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை என்பது எனக்கு ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, அவர் முடிந்துவிட்டால் எங்கே கொண்டுபோவது என்பது. உயிரோடு இருக்கிற மனுஷனைப் பற்றி இப்படி யோசிக்கலாமா என்று அக்காவே திட்டினாள். நான் அப்படித்தான். பிள்ளைக்குச் சளி பிடித்தாலே கடைசி வரைக்கும் யோசித்து முடித்துவிட்டுத்தான் கஷாயம் வைக்க அடுப்பு மூட்டுவேன்.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது எங்கள் பெயர் இந்தியா பக்கம் விழுந்தது. கப்பலில் வந்து இறங்கினோம். எந்த ஊருக்குப் போவது என்று எழுதிக்கொண்ட அதிகாரி நல்ல மனுஷர்தான். “எல்லாரையும் ஒரே எடத்துல விட்டா நீங்க கடைசி வரைக்கும் சிலோனாவே இருப்பீங்க. ஊருக்கு ரெண்டு குடும்பமா போனாத்தான் கலப்பீங்க” என்றார். அப்படிக் கலப்பதற்காக அனுப்பப்பட்ட இரண்டு குடும்பம் நாங்கள். என் தங்கை குடும்பத்தை வேறொரு அதிகாரி, வேறு ஜில்லாவில், ஒரே காலனியாகக் குடிவைத்தார். அவளுக்குப் பேச்சு, சாப்பாடு, சாமி எதுவும் மாறவில்லை. ஆனால் காலனிக் கிணறு வற்றினால் பக்கத்து ஊரில் ஒரு குடம் தண்ணீர் கேட்க முடியாது. எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த ஊர்ச் சுடுகாட்டில் இடம் வேண்டுமென்றால் வரி நோட்டில் தலைக்கட்டாக, வரி கொடுக்கிற குடும்பமாகப் பெயர் இருக்க வேண்டும். ஊரில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. வண்டிக்காரர் பெண்சாதியிடம் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் வந்து இரண்டு திருவிழா முடிந்திருந்தது. எங்களிடம் யாரும் வரி கேட்கவில்லை. கேட்காதது சலுகை என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நாற்பது வீதம் எண்பது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தேன். எங்கள் இரண்டு வீட்டையும் வரி நோட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். நாட்டாமைதான் முதலில் பேசினார்.

“சேத்துக்கறது பெரிய விசயம் இல்லம்மா. ஆனா ஒண்ணு. மாசியில வூட்டாண்ட ஒரு கம்பத்த நட்டுக்கினு பதினஞ்சு நாளு பாடிக்கினு கெடக்கிறீங்களே, அத வுட்டுடணும். ஒரு ஊருக்கு ஒரு காப்புக்கட்டுதான்.”

அவர் சொன்னது எங்கள் காமன் கம்பத்தை. கரும்பும் ஆமணக்கும் சேர்த்து வைக்கோல் பிரி சுற்றி நட்டு, காமன் எரிந்த கதையைப் பாடி, கடைசி நாள் கொளுத்துவோம். தோட்டத்தில் அதுதான் எங்களுக்குப் பெரிய திருவிழா. இங்கே வந்த பிறகும் விடவில்லை. பாடுகிறவர் என் மாமனார்.

“அம்மன் ஒண்ணும் சொல்லாது. எனக்குத்தான் தட்டுல காசு கம்மியாவும்” என்றார் பூசாரி.

சங்கத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஏன் சுத்தி வளைக்கிறீங்க? நாளைக்கு ரெண்டு வூட்டு ஆம்பளைங்களும் ரோட்டுல வந்து குந்தட்டும். சாதியும் எங்க சாதின்னே எழுதிக்கட்டும். தலை ஜாஸ்தியானா நமக்கும் நல்லதுதானே.”

“அப்ப அந்த வூட்டுல பொண்ணு எடுப்பியா?” என்று வண்டிக்காரர் கேட்டார்.

சங்கத்துக்காரர் துண்டை எடுத்து மறுபடி உதறினார். அவர்கள் கேட்டுப் போராடியது நியாயம்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் அங்கே இருந்தவரைக்கும் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரன் என்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு, போலீஸ் கேஸிலும் மாட்டினால், பிஸ்கட் டின்னில் நான் பூட்டி வைத்திருக்கிற குடியுரிமைக் காகிதங்கள் என்னாகும்?

“இல்லன்னா மலைக்காரங்க மாதிரி இருந்துக்கினு போங்க” என்றார் நாட்டாமை. “எறங்கி வர்றாங்க, சந்தையில கடுக்கா, புளி விக்கிறாங்க, ஏறிப் போயிடறாங்க. நாங்க எதுனா சொல்றமா?”

“அவங்களுக்கு ஏறிப் போக மலை இருக்குதுங்க” என்றேன்.

“கம்பத்த விட்டுருவோம்” என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் யாருக்கு இடம் கேட்க வந்தோமோ அவர்தான் கம்பம் நடுகிறவர். கம்பத்தைப் பிடுங்கி உனக்குச் சுடுகாடு வாங்கினோம் என்று அந்தக் கிழவனிடம் யார் சொல்வது? நானா? முடியாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

முடிவு செய்த வேகத்தில் ஒரு தப்பும் செய்தேன். எண்பது ரூபாயைக் கோயில் படிக்கல்லில் வைத்து, “வரிய வாங்கிக்கிட்டு ரசீது குடுங்க” என்றேன். தோட்டத்தில் துண்டுக் காகிதத்தில் ஏறாத கூலி கூலியே இல்லை. அதனால் வந்த பழக்கம். அம்மன் வரிக்கு ரசீது கேட்பது அந்த ஊரில் முகத்தில் அடிக்கிற மாதிரி என்று எனக்குத் தெரியாது.

நோட்டு எழுதுகிறவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ரசீதா? இன்னாம்மா, நான் துன்னுட்டன்னு சொல்றியா? பதினாறு வருசமா எழுதுறன். ஒரு பைசா மாறியிருக்கா கேளு.” நோட்டைப் பிரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நாட்டாமை கையமர்த்தியும் நிறுத்தவில்லை. கொடுத்தவர்களைப் படித்து முடித்துப் பாக்கிக்காரர்களுக்கு வந்தார். வண்டிக்காரர் இரண்டு வருஷ பாக்கி. சங்கத்துக்காரர் மூன்று வருஷ பாக்கி.

“ரோட்ட மறிக்கிறவன மொதல்ல கோயில் வாசல்ல மறிக்கணும்” என்றார் பூசாரி. சங்கத்துக்காரரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டேன். “அண்ணே, போன ஐப்பசியில உங்க அப்பா தவறினாரே, எங்க கொண்டுபோனீங்க?”

“எங்க கொண்டுபோவாங்க? நம்ம சுடுகாட்டுக்குத்தான்.”

“அப்பவும் பாக்கி இருந்துச்சா?”

“இருந்தா இன்னா? பாக்கி வெச்சா ஊர்க்காரன் இல்லன்னு ஆயிடுவனா?”

படிக்கல்லில் இருந்த பணத்தை எடுத்து மறுபடி முடிந்துகொண்டேன். “அப்ப நீங்க காசு வாங்க வேணாங்கய்யா. எங்க ரெண்டு வீட்டையும் நோட்டுல எழுதி, பாக்கின்னு போடுங்க. கம்பத்தப் பத்தி ஊரு எப்ப பேசி முடிக்குதோ அப்ப வாங்கிக்குங்க. அதுவரைக்கும் அது எங்க வாசல்லதான் நிக்கும். கம்பத்துக்குன்னு உங்ககிட்ட ஒரு காசு கேக்க மாட்டோம்.”

நாட்டாமை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தினியாவது படிச்ச?”

“அஞ்சுங்க. அதுக்கு மேல கொழுந்து கிள்ளப் போயிட்டேன்.”

“அதுவரைக்கும் தப்பிச்சோம்” என்று சொல்லிவிட்டு, நோட்டுக்காரரிடம் “எழுதுய்யா” என்றார்.

அவர் ‘சிலோன் வூடு இரண்டு’ என்று எழுதினார். நான் நகரவில்லை. எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அந்தப் பேரு வேணாம், மத்தவங்களுக்கு எழுதுன மாதிரி வீட்டு ஆம்பளைங்க பேர எழுதுங்க” என்றேன். அவர் அடித்துவிட்டு எழுதினார். அதையும் படித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு நடந்தேன்.

மரங்களை அப்புறப்படுத்திய பிறகு மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறினார். அந்த மாசியில் உட்கார்ந்தபடியே கம்பம் நட்டார். பங்குனியில் போய்ச் சேர்ந்தார். ஊர்ப் பறை வந்தது, வண்டிக்காரர் தோள் கொடுத்தார், ஊர்ச் சுடுகாட்டில்தான் வைத்தோம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த திருவிழாவிலிருந்து எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டுக்கும் வந்து வரி வாங்கிக்கொண்டார்கள். கம்பமும் நின்றது. அந்த முதல் வருஷத்துத் தொகையை மட்டும் யாரும் வாங்கவில்லை. வாங்கினால் கம்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். நாட்டாமைகள் மாறிவிட்டார்கள், நோட்டுகளும் மாறிவிட்டன. ஒவ்வொரு புது நோட்டிலும் அதைப் பழைய பாக்கி என்று தூக்கி எழுதுகிறார்கள். எழுதினார்களா என்று வருஷா வருஷம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வருஷமும் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பாக்கி எண்பது ரூபாய்.