திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போனவன்

எங்கள் சபையின் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் நான் ஜெயித்தது ஒரு பொய்யால். என்னை எதிர்த்து நின்றவர், பாடகர் குழுவில் வருஷக்கணக்காக என் பக்கத்தில் நின்று பாடிய அண்ணாச்சி. ஒரு காலத்தில் குடித்துக் கெட்டு, மனந்திரும்பியவர். "மறுபடி ஆரம்பிச்சிட்டாரு" என்று நாலு வீட்டில் சொல்லிவைத்தேன். பாளையங்கோட்டையில் அதுவே அதிகம்.

ஜெயித்த பிறகு என்னால் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க முடியவில்லை. அதற்கு முன்னால் வரும் காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவேன். தகுதியில்லாமல், அபாத்திரமாக வாங்கக் கூடாது என்ற பயபக்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயபக்தியாம்! சுத்த வீம்பு. மன்னிப்புக் கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆறேழு மாதம் இப்படியே ஓடியது.

என் மனைவிதான் போட்டு உடைத்தாள். "தகுதி வரட்டும்னு காத்துக் கெடக்கியளோ? தகுதி உள்ளவங்களுக்கு ஆண்டவர் எதுக்கு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. யாராவது சரியாகச் சொல்லிவிட்டால் எனக்கு அப்படித்தான் வரும். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். போதகரிடமும் போய்ச் சொன்னேன்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்த்து வாசிப்போம். அந்தச் சத்தத்தில் யாருடைய பாவமும் தனியாகத் தெரியாது. வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். "அண்ணாச்சி குடிக்கலை. நான் சொன்னது பொய். கமிட்டியை விட்டு விலகுதேன்." சொல்லி முடிக்கும்வரை உட்காரவில்லை.

வாசலில் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா எம் மவ என் வாயை மோந்து பாக்கா வே. எனக்கு இன்னும் ஆறலை."

அவர் மனம் ஆறும்வரை நாளையும் எழுந்து போய்விடுகிறேன் என்றேன்.

அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார். "எங்க வீட்டு விருந்துன்னா உம்மைக் கூப்பிட மாட்டேன். இது என் பந்தி இல்ல வே. குடியை விட்டுட்டு நான் வந்தன்னைக்கு ஆண்டவரு என்னை ஒண்ணும் கேக்கலை. நீரு வாரும்."

மறுநாள் பீடத்தண்டையில் அவருக்கு அடுத்த இடம்தான் காலியாக இருந்தது. போய் முழங்காலிட்டேன். அவர் நகரவில்லை; நானும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தி வாங்கிச் சாப்பிட்டேன்.