கேரியர் ஓட்டு

நாகலிங்கத்தின் விரலில் ஒரு தடவைகூட மை பட்டதில்லை. வயது நாற்பத்தேழு. பரமக்குடிப் பக்கத்திலிருந்து கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பென்டராக துபாய்க்கு வந்து, பாதி வயதுக்கு மேல் இங்கேயே போய்விட்டது. ஊரில் தேர்தல் வந்தபோதெல்லாம் அவருக்கு லீவு இல்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் தேர்தல் இல்லை. ஒரே ஒரு முறை இரண்டும் சேர்ந்து வந்தன. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனால், "நீங்கதான் வெளிநாட்டுல இருக்கீங்களே, பேரை எடுத்தாச்சு" என்றார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தார்.

ஒவ்வொரு தேர்தல் அன்றைக்கும் அவர் மனைவி சீதாலட்சுமி வீடியோ காலில் வந்து இடதுகை விரலைக் காட்டுவாள். முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் விரலைத்தான் காட்டுவாள். போன தடவை மூத்த மகளும் பக்கத்தில் நின்று காட்டினாள்.

அதனால்தான், அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் பிரசிடென்ட்டைத் தூக்க ஓட்டெடுப்பு நடக்கப்போகிறது என்று கேட்டதும் அவருக்குக் கை பரபரத்தது.

பிரசிடென்ட் என்றால் மெஸ் பிரசிடென்ட். கேம்ப்பில் ஐம்பத்தொரு பேர் கூடிச் சமைத்துச் சாப்பிடும் மெஸ் அது. எந்த அரிசி, என்றைக்கு மீன், யார் சமையல் என்பதெல்லாம் பிரசிடென்ட் வைத்ததுதான் சட்டம். ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்பில் இருக்கும். இப்போதைய பிரசிடென்ட் அருள்முருகன், நாகலிங்கத்தின் தங்கை சந்தியாவுடைய கணவன். விசா எடுத்துக் கொடுத்து, ஏர்போர்ட்டில் போய் நின்று கூட்டி வந்தது நாகலிங்கம்தான். அப்போது எதைச் சொன்னாலும் அவன் தலையை ஆட்டுவான். இப்போது அவன் பேசுகிறான், மற்றவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். நாகலிங்கத்துக்கு அதில் பெருமைதான்.

அருள்முருகன் செய்த குற்றம், ஒருவரையும் கேட்காமல் செவ்வாய்க்கிழமை மீனை நிறுத்திவிட்டு மீல் மேக்கர் குழம்பு போட்டது. முதல் வாரம் முனகினார்கள். அடுத்த வாரம் தட்டைத் தள்ளிவைத்தார்கள். அந்த நேரம் பார்த்து டிவி செய்தியில், ஏதோ ஒரு நாட்டு ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்க அந்த நாட்டு நாடாளுமன்றம் கூடியிருந்தது. இம்பீச்மென்ட், இம்பீச்மென்ட் என்றார்கள். ப்ளம்பர் பாலகுரு தட்டோடு எழுந்து நின்றான்.

"ஜனாதிபதியையே எறக்குறாங்க. நம்மளால ஒரு மீல் மேக்கரை எறக்க முடியாதா?"

அத்தோடு கேம்ப் இரண்டாகப் பிளந்தது. குளிக்க நிற்கும் வரிசையில்கூட அணி பிரிந்து நின்றார்கள். இறக்குவதா வேண்டாமா என்பதைச் செவ்வாய் மாலை டியூட்டி முடிந்ததும் ரகசிய ஓட்டில் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. நடுவர், கேம்ப்புக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை சதக்கத்துல்லா. மெஸ்ஸில் சாப்பிடாதவர். யார் ஜெயித்தாலும் பருப்பு அவர் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதால் இரண்டு அணியும் அவரை நம்பின.

இதில் ஒரு சிக்கல். நாகலிங்கமும் இன்னும் பத்துப் பேரும் அப்போது கேம்ப்பில் இல்லை. தொலைவில் அல் தைத் பக்கம் ஒரு வில்லா வேலை. சைட்டிலேயே போர்ட்டா கேபின் என்கிற தகர அறையில் தங்கியிருந்தார்கள். சுற்றிலும் பேரீச்சைத் தோட்டம். மெஸ் சாப்பாடு தினம் மத்தியானம் வேனில் வரும், ஆளுக்கொரு அடுக்குக் கேரியரில். சாப்பிட்டு முடித்ததும் காலிக் கேரியர்கள் அதே வேனில் அல் குசைஸுக்குத் திரும்பும்.

வேன் ஓட்டுகிற துவாரகன் இலங்கைப் பருத்தித்துறைக்காரன். அவன்தான் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தான்.

"எங்கட அப்பா வாத்தியார், அண்ணை. தேர்தல் எண்டால் அவருக்கு டியூட்டி. ஆனபடியா எப்பவும் தபால் வாக்குத்தான். நீங்களும் தபால்ல போடுங்கோவன்."

"தபாலுக்கு எங்க போறது தம்பி?"

"நான் நிக்கிறன்தானே. கேரியருக்குள்ள போட்டுத் தாங்கோ."

நாகலிங்கம் அன்றைக்கே மெஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினார். தைத் ஆட்களுக்குக் கேரியரில் ஓட்டு வேண்டும். குரூப் கொதித்தது. அருள்முருகனின் பதில் உடனே வந்தது.

"மெஸ்ல வந்து உக்காந்து சாப்பிடுறவனுக்குத்தான் ஓட்டு. எங்கிட்டோ தூரத்துல கெடக்குறவனுக்கு இங்க நடக்குறது என்ன தெரியும்? கேரியர்ல வர்ற ஓட்டு கள்ள ஓட்டு. மாஃபி, கிடையாது. கலாஸ், முடிஞ்சுது."

நாகலிங்கம் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அதுவரைக்கும் மாப்பிள்ளை பக்கம் நிற்கத்தான் நினைத்திருந்தார். மீல் மேக்கர் அவருக்குப் பிடிக்கும்கூட. வெளியே வந்து மணலில் கொஞ்ச நேரம் நின்றார். வேட்டி கட்டி வரிசையில் நின்ற அந்த வெயில் மறுபடியும் உச்சந்தலையில் இறங்குகிற மாதிரி இருந்தது.

தீர்ப்பைச் சதக்கத்துல்லா சொன்னார். "அவங்களுக்குச் சோறு போவுதுல்ல? சோறு போற எடத்துக்கு ஓட்டும் போவும்."

அடுத்து, எதைப் போட்டு ஓட்டுப் போடுவது. சீட்டு எழுதினால் கையெழுத்து தெரியும், சாம்பாரும் ஊறும். கேம்ப்பில் மூடிய அண்டாவுக்குள், இருக்கட்டும் என்றால் கொண்டைக்கடலை, போகட்டும் என்றால் மிளகு. அதையே கேரியரில் அனுப்பலாம் என்றார்கள். கடலையைப் பயல்கள் தின்றுவிடுவார்கள் என்று சதக்கத்துல்லா மறுத்தார். நாகலிங்கம்தான் வழி சொன்னார். பேரீச்சங்கொட்டை. அதை ஒருவரும் தின்ன மாட்டார்கள். பிரசிடென்ட் போகணும் என்றால் கேரியரின் அடித்தட்டில் ஒரு கொட்டை. இருக்கணும் என்றால் ஒன்றும் வேண்டாம். அருமையான யோசனை என்று இரண்டு அணியும் ஒப்புக்கொண்டன. நாகலிங்கத்துக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேன் வந்தது. கேரியரைத் திறந்தால் மீல் மேக்கர். ஒரே கூச்சல், சிரிப்பு. அந்தக் கூச்சலைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர், ஒரு பலூச்சிஸ்தான்காரர், வாளி நிறையப் பழுத்த பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். "காவோ பாய், காவோ." எல்லோரும் வாளியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நாகலிங்கம் ஒரே ஒரு பழம் எடுத்தார். தின்றுவிட்டுக் கொட்டையோடு குழாயடிக்குப் போனார். தட்டுகளைப் பிரித்து மணல் போட்டுத் தேய்த்தார், கழுவினார், பனியன் நுனியால் துடைத்தார். கொட்டையையும் கழுவினார். அதை அடித்தட்டின் நடுவில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார். எடுக்கவில்லை. தட்டுகளை அடுக்கிக் கொக்கியை அழுத்தி மூடினார். டிக் என்று சத்தம் கேட்டது.

"என்னண்ணை, இவ்வளவு வடிவாக் கழுவியிருக்கிறியள்? கலியாண வீட்டுக்கே கொண்டு போறது?" என்று கேட்டான் துவாரகன்.

"பாத்துப் போ தம்பி. வளைவுல குலுக்காத."

வேன் தூசி கிளப்பிக்கொண்டு போனது. நாகலிங்கம் கருவிப் பெட்டியைத் திறந்தார். பலகையில் நேர்கோடு விழ நூலடிக்கிற நீலப்பொடி இருந்தது. இடதுகை ஆள்காட்டி விரலை நனைத்து அதில் ஒரு முக்கு முக்கிக்கொண்டார். மூன்று மணிக்கு மறுபடி வேலை தொடங்கியபோது அந்த விரல் எதிலும் படாமல் சுத்தியலைப் பிடித்தார்.

சாயங்காலம் கேபினுக்குள் பதினொரு பேரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கே பாலகுரு மெஸ் மேசையில் போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்திருந்தான். சதக்கத்துல்லா அண்டாவைக் கவிழ்த்தார். கடலை ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ரெண்டும் சமம்!"

மெஸ் அதிர்ந்தது. யாரோ ஒருவன் தட்டில் கரண்டியால் அடித்தான். நாகலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். இனி எல்லாம் கேரியரில்தான்.

"கேரியரைக் கொண்டாங்கப்பா. யல்லா!"

முதல் கேரியரைத் திறந்த சதக்கத்துல்லா அப்படியே நின்றார். "என்னப்பா இது? ஒருத்தன் ஏழு ஓட்டு போட்டிருக்கான்!"

அடுத்ததில் நாலு, குழம்பில் ஒட்டிக்கொண்டு. அடுத்ததில் மேல்தட்டில் மூன்று, அடித்தட்டில் இரண்டு. இன்னொன்றில் பாதி பழத்தோடு ஒன்று. கேபினில் பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அட, பழம் தின்னோம்ல!" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அங்கே பாலகுரு கத்தினான். "கொட்டை கெடந்தா ஓட்டுதான்! எண்ணுங்க மாமு! எல்லாம் மிளகு கணக்கு!"

"எச்சியெல்லாம் ஓட்டாடா?" இது அருள்முருகன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, கள்ள ஓட்டுன்னு? ஏழு கொட்டை போட்டவன் ஏழு ஆளா?"

"நாங்க பழம் தின்னது ஒரு குத்தமா?" என்று இங்கிருந்து பத்துக் குரல்கள். "இப்பச் சொல்றோம், போன்லயே எழுதிக்குங்க!"

"போன்ல கிடையாது. ரகசிய ஓட்டுன்னு கேட்டது நீங்கதான்," என்றான் அருள்முருகன்.

சதக்கத்துல்லா கரண்டியால் மேசையைத் தட்டினார். "எச்சிக் கேரியரை நான் எண்ண மாட்டேன். இவங்கள்ல யாரு ஓட்டுப் போட்டான், யாரு துப்பினான்னு எனக்கு எப்படித் தெரியும்? கலாஸ், தள்ளுங்க." ஒவ்வொன்றாகத் தள்ளினார். நாகலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார். போச்சு. இந்தத் தடவையும் பேரை எடுத்துவிட்டார்கள்.

கடைசிக் கேரியர் திறந்தது. மேல்தட்டு பளபளவென்று இருந்தது. நடுத்தட்டும் அப்படியே. அடித்தட்டைச் சதக்கத்துல்லா வெளிச்சத்தில் சாய்த்தார். ஒற்றைக் கொட்டை, காய்ந்து சுத்தமாக, டிங் டிங் என்று உருண்டது.

மெஸ்ஸில் எல்லோரும் மேசை மேல் குனிந்தார்கள்.

"இது துப்பினது இல்ல," என்றார் சதக்கத்துல்லா. "இது போட்டது. ஒரு ஓட்டு. பிரசிடென்ட் எறங்கணும்."

கேபினில் நாகலிங்கம் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அங்கே விசில், ஆட்டம், பாலகுருவை யாரோ தோளில் தூக்கினார்கள். அந்தக் கூத்துக்கு நடுவில் கேரியர் மூடியை ஒருவன் திருப்பிப் பார்த்தான். எல்லாக் கேரியர் மூடியிலும் மாறிப் போகாமலிருக்க வெள்ளைப் பெயின்ட்டில் ஆள் பெயர் எழுதியிருக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். ஓட்டு ரகசியம் என்று ஒரு வாரமாகச் சண்டை போட்ட ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"பேரைப் பாக்காதீங்கப்பா!" என்று சதக்கத்துல்லா உள்ளங்கையால் மூடியைப் பொத்தினார். பொத்துவதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

அருள்முருகனின் முகம் போன் திரை முழுக்க வந்தது. "மச்சான். உங்களதா?"

நாகலிங்கம் கைகளை இறக்கினார். பத்துப் பேரும் அவரையே பார்த்தார்கள். ஆனால் சந்தோஷம் அடங்கவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஆமா மாப்ள. என்னோடதுதான்."

"மீனுக்காகவா மச்சான்?"

"மீனுக்கு இல்ல மாப்ள. நல்ல குழம்புதான் அது. தூரத்துல கெடக்குறவனுக்கு ஓட்டு இல்லன்னு சொன்னீங்கள்ல, அதுக்கு. அதைச் சொல்லாம இருந்தா கொட்டையை வெளிய எறிஞ்சிருப்பேன்."

அருள்முருகன் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் போட்டான். "நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு ஸ்டோரைத் திறக்குறது யாருன்னு இப்பவே பேசிக்குங்க. கத்துறதுக்கு மட்டும் ஆள் இருக்கீங்க." கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். எந்த அணி என்று தெரியவில்லை.

கூச்சல் அடங்கியதும் நாகலிங்கம் கேபினுக்கு வெளியே வந்து ஊருக்கு வீடியோ கால் போட்டார். சீதாலட்சுமி எடுத்ததும், முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் விரலைக் காட்டினார். நீலம் ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மற்றபடி பளிச்சென்று இருந்தது.

"என்னங்க அது, விரல்ல அடியா?"

"அடி இல்லடி. ஓட்டு. ஓட்டுப் போட்டுட்டேன். என் ஓட்டுலதான் ஆளே மாறுனது!"

"யாருக்குப் போட்டீங்க?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. ரகசியம்."

"ரகசியமா?" சீதாலட்சுமி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "உங்க தங்கச்சி கத்திட்டு இப்பதான் போனை வெச்சா. அண்ணனாம், அண்ணன். அடுத்த லீவுக்கு அவ வீட்டுல உங்களுக்குப் பச்சத்தண்ணி கெடையாதாம்."

நாகலிங்கம் விரலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினார்.

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது," என்றாள் அவள். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "ஏய், இங்க வா. அப்பா விரலைப் பாரு."