மேல்மாடியின் மிச்ச வருஷங்கள்

ஏவ்ரில் ஸ்ட்ரட்விக்குக்கு இடுப்பு போனபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில், ராம்ஸ்கேட் துறைமுகத்துக்கு மேலே, சரிவில் நிற்கும் மூன்று மாடி வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் லென் குவேஃப். நடுவில் நான், வாடகைக்கு. உச்சியில் ஏவ்ரில். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்ட கை அவருடையது. கணவர் ராய் போன பிறகு பிப் என்ற கிழட்டு நாயோடு இருந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தவர் ஒருநாள் என் கதவருகில் உட்கார்ந்துவிட்டார்.

"வித்துட்டு டீல் ஊர்ப் பக்கம் போயிடப் போறேன். என் தங்கச்சி தெருவுலயே படியே இல்லாத வீடு ஒண்ணு வருது," என்றார்.

வாங்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். ஜன்னலில் கடல் தெரிவதைப் பார்த்து அந்தப் பெண் கைதட்டினாள். ஆனால் வங்கி அவர்களுக்குக் கடன் தரவில்லை. மாடி ஏவ்ரிலுடையது என்றாலும் மண்ணும் கூரையும் லென்னுடையவை. அவருக்கு இருப்பது தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை மட்டும்; அந்த லீஸில் ஐம்பத்தேழுதான் மிச்சம். அது முடிந்தால் மாடியும் மண்ணுக்குச் சொந்தக்காரருக்கே போய்விடும். தேய்ந்துகொண்டே போகும் வீட்டை நம்பி எந்த வங்கி பணம் கொடுக்கும்? லென் லீஸை நீட்டித்துத் தந்தால்தான் விற்க முடியும்.

லென் கசாப்புக் கடை வைத்திருந்தவர். மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஏவ்ரில் கீழே போய்க் கேட்டபோது தேநீர் போட்டுக் கொடுத்தார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போன நானும் அங்கே இருந்தேன்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க லென். எவ்வளவு?"

"பன்னெண்டாயிரம் பவுண்டு. என் வக்கீல் செலவும் அதுக்குள்ளயே."

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க."

"எதுக்கு எழுத்து? இத்தனை வருஷமா உங்களுக்கு சாசேஜ் வித்திருக்கேன். ஒரு அவுன்ஸ் குறைஞ்சிருக்கா?"

"எடை குறையல. ரொட்டித்தூள்தான் ஜாஸ்தி."

லென் தேநீர் சிந்தச் சிரித்தார். பிப் அவர் காலடியில் படுத்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. கடையை மூடிய பிறகும் நாய்க்காகவே சந்தையில் எலும்பு வாங்கி வந்து, தினமும் காலையில் கொடுப்பவர் அவர்.

அந்தப் பேச்சு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பப்பில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஏவ்ரில் போய் லென்னின் கதவைத் தட்டினால் உள்ளே டிவி சத்தம் குறையும், கதவு திறக்காது. கடைசியில் குப்பைத்தொட்டி வைக்குமிடத்தில் வைத்து அவரைப் பிடித்தார்.

"இருபது," என்றார் லென், தொட்டி மூடியைப் பார்த்தபடி.

"என்ன இருபது?"

"இருபதாயிரம். சட்டப்படி அதுதான் வெலைன்னு பப்புல டெரக் சொல்றான்."

"டெரக் என்ன வேலை பாத்தவன்?"

"கார்பெட் கடை."

"அப்போ அவன்கிட்ட கார்பெட் வெலை கேளுங்க. நீங்க வாய் விட்டுச் சொன்ன வெலை எங்க போச்சு?"

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ஏவ்ரில்."

அந்தத் தம்பதி வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடியும் இரண்டு தடவை ஏவ்ரில் கீழே இறங்கிக் கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. அந்த இடுப்போடு இறங்கி, பதில் இல்லாமல் திரும்ப ஏறியதும் கேட்டது.

அதற்கப்புறம்தான் வக்கீலிடம் போனார். லீஸை நீட்டிக்கக் கேட்பது அவருடைய உரிமை, லென் மறுக்க முடியாது, விலையை மட்டும்தான் பேசலாம், பேச்சில் முடியாவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாள். இரண்டு பக்கச் செலவும் ஏவ்ரில் தலையில். நோட்டீஸ் போனது. அன்று மாலை லென் அதை எடுத்துக்கொண்டு என் கதவுக்கு வந்தார்.

"பாத்தியா இதை? 'நிலச் சொந்தக்காரர்'னு போட்டிருக்கு. எனக்குப் பேர் இல்லையா? ராயோட சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தவன் நான்."

"நீங்க கதவைத் திறந்திருந்தா நோட்டீஸே வந்திருக்காதே, லென்."

"திறந்து எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவரும் வக்கீல் வைத்தார். விலைக்கான பதிலோடு இன்னொரு கடிதமும் மேல்மாடிக்குப் போனது: அனுமதியில்லாமல் மாடியில் பிராணி வளர்ப்பது லீஸ் நிபந்தனைக்கு விரோதம், மிஸஸ் ஸ்ட்ரட்விக் நாயை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

ஏவ்ரில் அதை என்னிடம் நீட்டினார். "மிஸஸ் ஸ்ட்ரட்விக்காம். தினமும் எலும்பு போட்ட கை இதுல கையெழுத்துப் போட்டிருக்கு, பாருங்க."

எதிர்த்து நிற்கலாம், லென்னே சோறு போட்ட நாயைக் குற்றம் சொல்ல முடியாது என்றாள் வக்கீல். ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் ஆகும். டீல் வீட்டுக்காரர் அதற்குமேல் காத்திருக்க மாட்டார். ஏவ்ரில் இரண்டு நாள் யோசித்துவிட்டு, லீஸ் வேலை முடியும்வரை பிப்பைத் தங்கை ஷீலாவிடம் விடுவது என்று முடிவு செய்தார்.

கொண்டுபோன காலையில் நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு கூட இறங்கினேன். கீழே வந்ததும் பிப் வழக்கம்போல லென் கதவு முன்னால் உட்கார்ந்துவிட்டது. வாலை ஆட்டியது. முன்னங்காலால் கதவைப் பிராண்டியது. உள்ளே டிவி சத்தம் குறைந்தது. ஏவ்ரில் கயிற்றை இழுக்கவில்லை; அப்படியே நின்றார். ரொம்ப நேரம் காத்திருந்தோம். ஷீலா தெருவில் காரின் ஹாரனை அடித்தாள்.

"வாடா கண்ணா," என்று ஏவ்ரில் குனிய முடியாமல் குனிந்து நாயைத் தூக்கிக்கொண்டார்.

டீலில் பிப் சரியாகச் சாப்பிடவில்லை. வாசற்கதவுப் பக்கமே முகத்தை வைத்துப் படுத்திருந்தது என்று ஷீலா போனில் சொல்லுவாளாம். வயசான நாய், சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது, எங்கிருந்தாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். ஏவ்ரில் ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அதே மாதத்தில் விலையும் முடிந்தது. இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் பேசிப் பதின்மூன்றரை ஆயிரம் என்று எழுதினார்கள். லென் முதல் நாள் தேநீரோடு சொன்னதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வக்கீல்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் போனது வேறு. இன்னும் தொண்ணூறு வருஷம் சேர்ந்தது. மாடியை வாங்க உடனே ஆள் வந்தது.

ஏவ்ரில் பீங்கான்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, நான் உதவிக்குப் போயிருந்தேன். படியில் கனமான காலடி. லென் மூச்சு வாங்க வந்து வாசலிலேயே நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நாய் செத்த விஷயம் நேத்துதான் தெரியும். நிஜமாவே அனுப்பிடுவீங்கன்னு நான் நெனைக்கல ஏவ்ரில்."

ஏவ்ரில் நிமிரவில்லை.

"அந்த லெட்டரைப் பாத்தா கோவத்துல வந்து கதவை ஒடைப்பீங்க, நாலு வார்த்தை திட்டுவீங்க, அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்னு நெனைச்சேன்."

"அன்னிக்குக் காலைல வீட்டுக்குள்ளதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அவன் பிராண்டினது கேட்டுதா?"

"கேட்டுது," என்றார் லென். "திறந்தா என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் லென். எலும்பு குடுத்திருந்தாப் போதும்." அவர் ஒரு கோப்பையைச் சுற்றி முடித்து அடுத்ததை எடுத்தார். "படி இறங்கறப்ப பாத்துப் போங்க. அந்த வளைவுல பல்பு எரியல."

லென் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கும் சத்தம் கேட்டது.

ஏவ்ரில் டீலுக்குப் போய்விட்டார். அங்கே இடுப்புக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நடை வந்தது, முன்பிருந்த வேகம் வரவில்லை. ஷீலா வீட்டின் பின்பக்கம் போகவே மாட்டாராம். பிப்பைப் புதைத்தது அங்கேதான். லென் அடுத்த வருஷமே தன் கீழ்த்தளத்தோடு சேர்த்து நிலவுரிமையை ஏலத்தில் விற்றுவிட்டார். வாங்கியது லண்டனில் ஏதோ ஒரு கம்பெனி. கூரை ஒழுகினால்கூட இப்போது யாருடைய கதவைத் தட்டுவது என்று எங்களுக்குத் தெரியாது. லென் தன் பழைய தளத்தில் அவர்களுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறார்.

போன நவம்பரில் அவரைக் கண் பரிசோதனைக்கு மார்கேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காத்திருக்கும் இடத்தில் ஏவ்ரில் உட்கார்ந்திருந்தார். லென் தயங்கி, நடுவில் ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார்.

"ஆமா. கடல் பக்கம் கறுத்திருக்கு," என்றார் ஏவ்ரில்.

"காத்தும் இருக்கு."

"இருக்கு."

நர்ஸ் ஏவ்ரிலின் பெயரைக் கூப்பிட்டாள். ஏவ்ரில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, லென்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். லென் பாதி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துகொண்டார்.