நகவெட்டியும் நரிப்பயறும்

முளைப்பாரி வளர்கிற அறைக்குள் நகவெட்டியோடு ஒருவர் போனதை என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என் மாமியாருக்குப் பின்னால் தயங்கித் தயங்கிப் போனார். அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். செந்துறையில் எங்கள் தெருவுக்கே அவர் மேடம்தான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

மேடம் படித்த படிப்பு எனக்கு முழுதாக விளங்கியதில்லை. பயறுகளின் உள்ளே இருக்கிற புரதம் எப்படி உண்டாகி, எப்படி மாறி வந்தது என்று ஆராய்வதற்காக வந்திருந்தார். விடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லை கொல்லையாகச் சுற்றுவார்; மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். வேலியோரம் தானாகப் படர்கிற நரிப்பயறுதான் அவர் தேடியது. ஆடு கடிப்பதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் உண்டென்று நாங்கள் நினைத்ததேயில்லை. சாப்பாடு எங்களோடுதான்; ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “விதைக்குள்ள இருக்கற புரதம், தாய்ச்செடி பிள்ளைக்குக் கட்டிக் குடுக்கற சோறுங்க. அந்தச் சோத்தைச் செய்யற மரபணு முன்னாடி வேற ஏதோ வேலை பார்த்துட்டு இருந்துச்சு. எப்பவோ அது ரெண்டாயிடுச்சு. ஒண்ணு பழைய வேலையில நின்னுச்சு. இன்னொண்ணு மெள்ள மெள்ள மாறி சோறு கட்ட ஆரம்பிச்சுது.” நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அது எனக்குப் பட்டென்று புரிந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் கொல்லையைப் பார்த்துக்கொண்டதால்தானே இவர் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போக முடிந்தது! அதைச் சொன்னேன். மேடம் சோற்றுக் கையோடு சிரித்தார். “இதைத்தாங்க நான் இத்தனை வருஷமா இழுத்து இழுத்து எழுதிட்டு இருக்கேன்” என்றார். ஆண்டவன் புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டுமென்றால் பழையதையே இன்னொரு தரம் எடுத்துத் திருத்துகிறான் போலிருக்கிறது என்று நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இரண்டு தரம் கலைந்து, தங்கின பிள்ளை. என் மாமியார் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். எங்கள் வழக்கத்தில் அந்தத் தானியத்தைக் கடையில் வாங்கக் கூடாது. ஐந்து வீட்டுப் படியேறி மடிப்பிச்சையாக வாங்கி, வீட்டுக்கொரு சட்டியாக விதைக்க வேண்டும். ஐந்தும் ஒன்றுபோல் வளர்ந்தால் நல்ல சகுனம். நாலு வீடு போய் வந்தவர் ஐந்தாவதாக மாடி ஏறினார். மேடம் வெளியே போயிருந்தார். வாசலில் நிழலில் ஒரு எவர்சில்வர் தட்டில் பொடிப்பொடியாக, கறுப்பாக ஒரு கைப்பிடி பயறு காய்ந்துகொண்டிருந்தது. “மேலயும் ஒரு குடும்பம் இருக்கே, அதை விட்டுட்டா எப்படி” என்று அதை மடியில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தவர், விரத அலைச்சலில் மறந்துவிட்டார். மேடத்தை அந்நியமாக நினைத்திருந்தால் அந்தத் தட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்.

சாயங்காலம் மேடம் மாடியில் மண்டியிட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அணில் தின்றிருக்கும் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். அந்த விதை கிடைத்த ஓடைக்கரையை ரோடு போடுவதற்காகச் சமப்படுத்திவிட்டார்களாம். அந்த ஒரு கொடியின் புரதம் மட்டும் வேறு மாதிரி இருந்ததாம். திரும்பப் போனாலும் கிடைக்காது என்றார். அன்றைக்கு இரவு சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் காலையில் மாமியார் அந்த அறையை விட்டு அழுதுகொண்டே வெளியே வந்தார். நாலு சட்டியிலும் மஞ்சள் மஞ்சளாக முளை நிமிர்ந்து நிற்கிறது. ஐந்தாவதில் மண்கூடக் கீறவில்லை. “ஆத்தா என் மவ வயித்துக்கு என்ன சொல்றான்னு தெரியலியே.” எந்த வீட்டுத் தானியம் என்று கேட்டேன். மேல் வீடு என்றார். மாடிக்கு ஓடினேன்.

“மேடம், உங்க பயறை அத்தை முளைப்பாரியில போட்டுட்டாங்க. நாலு நாளாவுது, ஒண்ணுகூட முளைக்கல.”

“முளைக்கலையா?” மேடம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். முளைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சோற்றை இளஞ்செடி தின்றுவிடும். அவர் ஆராய ஒன்றும் மிஞ்சாது. கீழே என் மாமியார் எதற்காக அழுதுகொண்டிருந்தாரோ, மேலே மேடம் அதற்காகவே சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் படியில் நின்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எடுத்துக்க ஆயி. நீ வெயில்ல அலைஞ்சு பொறுக்குனது. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.” சொல்லிவிட்டாரே தவிர, அறைக் கதவில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. மேடம் அந்தக் கையைப் பார்த்தார். பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்த என் நாத்தனாரைப் பார்த்தார்.

“எடுக்கலம்மா. முளைக்க வச்சுக் குடுக்கறேன்.”

“கல்லு மாதிரி கெடக்கு, எப்படி முளைக்கும்?”

“நம்ம கொல்லைப் பயறு தண்ணி பட்டதும் கதவைத் தொறந்துடும். தலைமுறை தலைமுறையா நம்மள நம்பிப் பழகிடுச்சு. காட்டுப் பயறு யாரையும் நம்பாது. ஒரு மழைக்கெல்லாம் தொறக்காது. தோலை லேசா ஓரத்துல கிள்ளிவிட்டாப் போதும்.”

“அப்ப ஆத்தாவுக்குக் கோவம் இல்லியா?”

“இந்தப் பயறுக்குத்தான் பிடிவாதம்.”

“நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. எனக்குப் பசிக்குது” என்றாள் நாத்தனார்.

மாமியார் மேடத்திடம் திரும்பினார். “போய் தலைக்குக் குளிச்சிட்டு வா.” வெளி ஆள் நிழல் படக் கூடாத அறை அது. நகவெட்டியையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி வாங்கிக்கொண்டார். கதவிடுக்கில் நின்று நான் பார்த்தேன். மாமியார் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துக் கொடுக்க, மேடம் அகல் விளக்கு வெளிச்சத்தில் ஓரம் கிள்ளித் திரும்பப் புதைத்தார். “உங்களுக்குன்னு ரெண்டு விதையாச்சும் எடுத்து வச்சுக்கக் கூடாதா மேடம்?” என்று கேட்டேன். “ஆத்தாகிட்ட பங்கு கேக்கறதா?” என்றார். கையிலிருந்த விதையை விளக்கில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் புதைத்தார்.

இரண்டே நாளில் அந்தச் சட்டியும் முளைத்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டைதான். ஊர்வலம் போய் ஏரிக்கரையில் எல்லாரும் முளைப்பாரியைக் கரைத்தார்கள். என் மாமியார் நாலைக் கரைத்துவிட்டு ஐந்தாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினார். “என்னக்கா, ஒண்ண மறந்துட்ட?” என்று ஒருத்தி கேட்டாள். “மறக்கல. இதைத் தண்ணியில காமிச்சிட்டேன். ஆத்தா எனக்கே திருப்பிக் குடுத்துட்டா.” அதை அவரே கொல்லைப்புறத்தில் நட்டார். மேடம் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினார். நாத்தனாருக்குப் பெண் பிறந்தது. கொடியும் காய்த்தது.

மேடம் அந்தக் கொடியின் விதையோடு வெளியூர் போனபிறகு ஒரு நாள் போன் செய்தார். மாமியார் வாங்கி, “அதுல என்னதான் கண்ட ஆயி?” என்று கேட்டார். “உங்க வூட்டு உளுந்துக்கும் அதுக்கும் பாட்டிக்குப் பாட்டி ஒண்ணுதாம்மா. இது சோறு கட்டுறது மட்டும் தனிப் பக்குவம்.” மாமியார் யோசிக்கவேயில்லை. “அதான் பங்காளிங்க மாதிரி ஒண்ணு சீக்கிரமும் ஒண்ணு வீம்பாவும் வந்துச்சு.”

இப்போது மாமியாருக்கு எழுந்து நடக்க முடிவதில்லை. தை வெயிலில் அந்தக் கொடியின் காய்ந்த நெற்று படக்கென்று வெடிக்கிற சத்தம் கட்டிலில் படுத்திருக்கும் அவர் காதில் எப்படியோ விழுந்துவிடுகிறது. “போய் பொறுக்கிடும்மா, சிதறிடப் போவுது. மேடம் கேட்டாக் குடுக்கணும்” என்கிறார். மேடம் வேறு ஆராய்ச்சிக்குப் போய் நாளாகிவிட்டது. அந்த விதை அவருக்கு இனி வேண்டியதில்லை. அதை நான் மாமியாரிடம் சொல்லவில்லை. முந்தானையை விரித்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன்.