மடக்காத ஓரம்

பக்கத்து வீட்டில் மிஷின் வைத்துக் கூரைத் தகரம் அறுக்கிறார்கள். அந்தக் கருகல் வாடை வந்ததிலிருந்து, பேரப்பிள்ளைகள் அங்கே போனார்களா என்று மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, வாலிநோக்கத்தில், பிற்பாடு கடல் கொண்டுபோன எங்கள் வீட்டுக்குச் சுவரே எண்ணெய் டின் தகரம்தான். உப்புக்காற்று அதைத் தின்றுவிடும் என்பதால், வருஷந்தோறும் மழைக்கு முன்னால் உம்மா டின்னின் மூலையில் ஆணியடித்து ஓட்டை போட்டு, அதில் கத்தரியை நுழைத்து, கறுக் கறுக்கென்று வெட்டிக்கொண்டே போவார். வெட்டிய ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடக்குவது என் வேலை.

"எல்லாம் மடக்கிட்டியா புள்ள? சின்னவ ஓடித் திரியிறா."

"மடக்கிட்டேன் உம்மா" என்றேன், ஒன்றை விட்டுவிட்டு.

அதில் தங்கச்சி காலைக் கிழித்துக்கொண்டாள். அடிக்குப் பயந்து, கடல்தண்ணி ஆற்றிவிடும் என்று நம்பி அலையில் கழுவிவிட்டு, உம்மாவிடம் சொல்லாதே என்றேன். அவளும் சொல்லவில்லை. எட்டாம் நாள் அவள் வாய் பூட்டிக்கொண்டது; தகரம் கிழித்த புண்ணால் வந்த ஜன்னி என்றார் டாக்டர், பெரியாஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டாள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், உம்மா சுவர் நெடுக விரலால் தடவிக்கொண்டே வந்து, அந்த ஓரத்தில் நின்றார். சுத்தியலை எடுத்து அவரே மடக்கினார். சொல்லிவிட வாயெடுத்தேன்.

"சோறு திங்கிறியா புள்ள?" என்றார்.

கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, ஓர் அடி அடித்திருக்கலாம்.